ஒட்டகம் விழுந்த காலை

கவிதா குழந்தையை நீட்டினாள். தனசேகரன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

பீர்க்கன்கரணையில் அவருடைய வீட்டுக் கூடம். மகள் கவிதா பிரசவம் முடிந்து அன்று காலைதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். வாசலில் ஊற்றிய ஆரத்தி நீர் இன்னும் காயவில்லை. பிறந்து ஐந்து நாளான பெண் குழந்தை. வெள்ளைத் துணிக்குள் முகம் மட்டும் தெரிந்தது. கொட்டாவி விட்டது.

“புடிப்பா. தாத்தாகிட்ட வர்றாளாம்” என்றாள் கவிதா.

“வேணாம்மா. உங்கம்மாகிட்ட குடு.”

“ஒரு நிமிஷம்தாம்பா. போட்டோ எடுக்கணும்.”

“சொல்றேன்ல? நான் ஒக்காந்துக்கறேன், மடியில வையி… இல்ல, அதுவும் வேணாம். நீயே வெச்சுக்கோ. நான் பக்கத்துல நின்னு பாத்துகினு கீறேன்.”

அவர் மனைவி வசந்தா குழந்தையை வாங்கிக்கொண்டாள். படம் எடுத்தார்கள். தனசேகரன் சிரித்தபடிதான் நின்றார். கைகள் மட்டும் படத்தில் விழவில்லை.

நான் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கையில் மைசூர்பாகு. அவருடைய கைகளில் ஒரு கோளாறும் இல்லை என்பது அந்தக் கூடத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தக் கைகள் முன்னால் வந்திருக்கும்.

மைசூர்பாகைத் தின்று முடித்தேன். கை கழுவ எழுந்து போனேன்.

இந்தத் தொடரில் இத்தனை வாரமாகக் கல்லூரியைப் பற்றியும் சக ஆசிரியர்களைப் பற்றியும் எழுதி வந்தேன். சிரிக்கவைத்ததாகக் கடிதங்கள் வந்தன. இதை எழுதாமல் தள்ளிப்போடத்தான் அவற்றையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன் என்று இப்போது தெரிகிறது.

மாப்பிள்ளையும் மச்சானும்

தனசேகரன் என் மனைவி ராஜேஸ்வரியின் அண்ணன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பீர்க்கன்கரணை முழுக்க வயலாக இருந்த காலத்திலிருந்தே அங்கே இருக்கும் குடும்பம். வயல்கள் மனைகளானபோது உறவுக்காரர்கள் கடை வைத்தார்கள், வீடு கட்டி வாடகைக்கு விட்டார்கள். இவர் மட்டும் ரயில்வே பணிமனைக்கு வேலைக்குப் போனார். மீட்டர்களைப் பழுதுபார்க்கும் வேலை. கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு, முடி போன்ற சுருள்வில்லை இடுக்கியால் எடுத்து வைப்பார். முப்பத்தைந்து வருடம் அதைச் செய்த கை.

நான் இயற்பியல் பேராசிரியர். சேலையூரில் வீடு. இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் ஓய்வு பெற்றோம்.

என்னை அவர் ‘மாப்ள’ என்றுதான் கூப்பிடுவார். என் பணி நிறைவு விழாவில் முன்வரிசையிலிருந்து “மாப்ள, மைக்க கிட்ட வெச்சு பேசு, ஒண்ணும் கேக்கல” என்று குரல் கொடுத்தவர் அவர்தான். மாணவர்கள் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

ஓய்வு பெற்ற முதல் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாவலூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு இருவரும் அவர் ஸ்கூட்டரில் போனோம். அப்போது அங்கே கண்ணாடிக் கட்டடங்கள் எழும்ப ஆரம்பித்திருந்தன. இடையிடையே மனைக்கல் நட்ட வெட்டவெளிகள் கிடந்தன. அப்படி ஒரு வெளியில் யாரோ சின்ன விமானம் ஒன்றை வானொலி அலையால் இயக்கிப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

தனசேகரன் வண்டியை ஓரங்கட்டினார். “இன்னா மாப்ள இது, கம்பி கூட இல்லாம சுத்திகினு கீது?”

கல்யாணச் சாப்பாடு எங்களுக்குக் கிடைக்கவில்லை.

ஒரே எண்

அந்தக் குழுவுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் டேனியல். கப்பலில் ரேடியோ அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஏழெட்டுப் பேர் ஞாயிறு தோறும் கூடுவார்கள். அடுத்த ஆறு மாதத்தில் நாங்களும் அதில் சேர்ந்துவிட்டோம். கீழே நின்று விமானத்தை இயக்கும் பழைய டிரான்ஸ்மிட்டர் ஆளுக்கு ஒன்று கிடைத்தது.

இந்தக் காலத்தில் பறக்கவிடுபவர்களுக்கு இதைச் சொன்னால் வேடிக்கையாக இருக்கும். அப்போதைய டிரான்ஸ்மிட்டர் ஒவ்வொன்றுக்கும் ஓர் அலைவரிசை எண் உண்டு. ஒரே எண்ணில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கருவியைப் போட்டால், மேலே இருக்கிற விமானம் யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் தலைகுப்புற விழும்.

அதற்காக டேனியல் ஒரு பலகை வைத்திருந்தார். அதில் துணி காயப்போடும் கிளிப்புகள் வரிசையாகக் குத்தியிருக்கும். ஒவ்வொன்றிலும் ஓர் எண். உன் எண் எழுதிய கிளிப்பை எடுத்து உன் ஆன்டனாவில் மாட்டிக்கொண்ட பிறகுதான் சுவிட்சைத் தொடலாம். கிளிப் பலகையில் இல்லையென்றால் வேறொருவர் அந்த எண்ணில் பறக்கிறார் என்று பொருள். கை கட்டி உட்கார வேண்டியதுதான். டேனியல் அந்த மைதானத்தில் வேறு எதற்கும் குரல் உயர்த்த மாட்டார். இதற்கு உயர்த்துவார்.

எனக்கும் தனசேகரனுக்கும் வாய்த்த இரண்டு கருவிகளும் ஒரே எண். ஒரு கிளிப்பை இருவரும் மாறி மாறி எடுக்க வேண்டும்.

“எண்ண மாத்திக்கலாமே சார்” என்றார் டேனியல்.

“இன்னாத்துக்கு? என் வூட்டு மாப்ளைக்கும் எனக்கும் ஒரே சானல்தான்” என்றார் தனசேகரன். “நான் பறக்கும்போது அவரு தூங்கட்டும். அவரு பறக்கும்போது நான் கண்ண மூடிக்கறேன். அந்தக் கண்றாவிய பாக்க முடியாது.”

ஒட்டகம்

கடையில் வாங்கிய பயிற்சி விமானத்தில் அவருக்கு ஒரு வருடத்தில் சலித்துவிட்டது. முழுக்கத் தானே செய்ய வேண்டும் என்றார். எதைச் செய்வது?

என்னிடம் ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகையில் முதல் உலகப் போர்க் காலத்து விமானம் ஒன்றின் கோட்டுப்படம் இருந்தது. மேலும் கீழுமாக இரண்டு இறக்கை. குட்டை மூக்கு. துப்பாக்கிகளை மூடிய தகடு திமில் மாதிரி மேடாக இருந்ததால் அதை ஓட்டியவர்களே அதற்கு ஒட்டகம் என்று பெயர் வைத்தார்களாம். வலப்பக்கம் திரும்பும்போது சட்டென்று கவிழும் குணம் கொண்டது. எதிரியின் குண்டுக்குப் பலியானவர்களைவிட, ஓட்டிப் பழகும்போதே அதில் விழுந்து செத்தவர்களைப் பற்றித்தான் அந்தக் கட்டுரை அதிகம் பேசியது.

“இதான் மாப்ள” என்றார். “கழுதை மாதிரி உதைக்கிறத அடக்கி ஓட்டினாத்தான் ஓட்டறவன்.”

நிஜ விமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. நான் பழுப்புத் தாளில் பெரிதாக வரைந்து கொடுத்தேன். எடை, சமநிலை எல்லாம் என் கணக்கு. செய்தது முழுக்க அவர். கார் இல்லாத அவருடைய கார் ஷெட்டில் இரண்டு வருடம் நடந்தது.

இறக்கைக்குள் விலா எலும்பு மாதிரி வரிசையாக நிற்கும் மெல்லிய மரத்துண்டுகள் ஐம்பதுக்கு மேல். ஒவ்வொன்றையும் பிளேடால் அறுத்து, உப்புத்தாளில் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஒரு மயிரிழை கூடினால் மறுபடி அறுப்பார். சக்கரத்தைத் தாங்க சைக்கிள் கம்பி. இறக்கைகளை இழுத்துக் கட்டத் தூண்டில் நரம்பு. போர்த்தும் துணியை அனகாபுத்தூரில் ஒரு தறிக்காரரிடம் சொல்லி மெல்லிசாக நெய்து வாங்கினார். அதைத் தைத்துக் கொடுத்தவள் என் மனைவி ராஜி. துணியின் மேல் பூசிய அரக்குச் சாயத்தின் நெடி வாழைப்பழம் அழுகினாற்போல் இருக்கும். வசந்தா மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டு காபி கொண்டுவந்து வாசலிலேயே வைத்துவிட்டுப் போவாள்.

எல்லாம் முடிந்து தூக்கிப் பார்த்தால் வால் கனத்தது. மூக்கு குட்டை என்பதால் முன்பக்கம் எடை ஏற்ற வேண்டும். நான் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். ஈயம் வேண்டும்.

காலையில் மீன் கொண்டுவரும் செங்கேணி அக்கா கோவளத்துக்காரி. தனசேகரன் அவளிடம் வலையில் கட்டும் ஈயக்குண்டு கேட்டார்.

“இன்னாத்துக்கு?” என்றாள்.

“ஏரோப்ளேனுக்கு.”

செங்கேணி கூடையை இறக்கிவைத்துவிட்டு ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். “ஐயே! வயசான காலத்துல ரெண்டு பேரும் இத்தத்தான் பண்ணிகினு கீறீங்களா? நான் கூட இன்னாவோ நெனச்சேன்.” மறுநாள் ஒரு மடி நிறையக் கொண்டுவந்து கொட்டினாள். “பறக்கும்போது சொல்லு. எங்கூட்டு ஆளையும் இட்டுகினு வரேன்.”

அந்த ஷெட்டில் நான் சந்தோஷமாக இருந்தேன். இதையும் எழுதிவிட வேண்டும். பின்னால் நான் செய்ததைப் படிப்பவர்கள், எனக்கு அவர்மேல் காழ்ப்பு இருந்ததாக நினைக்கலாம். கொஞ்சம் பொறாமை உண்டு. பார்க்க வருபவர்களெல்லாம் அவர் கையைப் புகழ்ந்தார்கள். என் கணக்கை யாரும் கேட்கவில்லை. ஆனால் என் விரல் அந்தச் சுவிட்சைத் தொட்டது அதனால் அல்ல.

கட்டைவிரல்

விமானம் முடியும் தறுவாயில் ஒரு காலை, அவருக்கு வலது கட்டைவிரல் மரத்துப்போயிற்று. டம்ளர் நழுவி விழுந்தது. சாயங்காலத்துக்குள் சரியாகிவிட்டது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை, ஆனாலும் கவனமாக இருங்கள் என்றார்.

‘ஆனாலும்’ என்ற அந்த ஒரு சொல் அவரைப் பிடித்துக்கொண்டது. அவர் அப்பா பக்கவாதத்தில் கை விழுந்து ஏழு வருடம் படுக்கையில் கிடந்தவர். என்னிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே தனசேகரன் வலது கையைத் தூக்கி வைத்துப் பார்ப்பார். “ஆடுதா மாப்ள? பாத்து சொல்லு.”

“ஆடல மச்சான்.”

“ஒயுங்கா பாரு.”

“ஆடல.”

புது விமானத்தை முதல் தடவை பறக்கவிடுவது குழுவில் கைதேர்ந்தவரின் வேலை. அதுதான் வழக்கம். டேனியல் தானே முன்வந்தார். தனசேகரன் ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்ததும் என்னிடம் காரணத்தைச் சொன்னார்.

“இத்த நானே ஏத்தி, நானே பத்திரமா எறக்கிட்டேன்னு வையி, என் கையி நல்லா கீதுன்னு அர்த்தம். அப்புறம் எந்த டாக்டரும் எனக்கு வேணாம். எறக்க முடியலன்னா, முடிஞ்சிச்சு. ஒத்துக்கறேன்.”

அவர் இதை என்னிடம் மட்டும்தான் சொன்னார்.

நாவலூரில்

பங்குனி வெயில் ஏறாத காலை. கடல் பக்கமிருந்து லேசான காற்று. டேனியல் பலகையை வேலிக் கல்லில் சாய்த்துவைத்தார். தனசேகரன் கிளிப்பை எடுத்து ஆன்டனாவில் மாட்டினார்.

எஞ்சின் பற்றியதும் விளக்கெண்ணெய் புகைந்த மணம் வந்தது. ஒட்டகம் செம்மண்ணில் தத்தித் தத்தி ஓடியது, பிறகு எழுந்தது.

அது பறந்த அழகை நான் விவரிக்கப் போவதில்லை. எனக்கு அந்த உரிமை இல்லை. ஏழு நிமிடம் பறந்தது. வலப்பக்கத் திருப்பங்களில் கவிழப் பார்த்தது. ஒவ்வொரு தடவையும் அவர் கட்டைவிரல் அதை நிமிர்த்தியது. பக்கத்துக் கட்டடத்தில் வேலை செய்தவர்கள் சாரத்தில் நின்றபடி கைதட்டினார்கள்.

“எறக்கறேன்!” என்று கத்தினார் தனசேகரன்.

நான் அப்போது டேனியலின் வேன் நிழலில் உட்கார்ந்திருந்தேன். என் சின்ன விமானம் முன்னால் பாயில் இருந்தது. அவர் இறக்கியதும் கிளிப் என்னிடம் வரும். அடுத்தது என் முறை. முந்தின நாள் வெகுநேரம் மின்சாரம் இல்லை. என் டிரான்ஸ்மிட்டர் சரியாகச் சார்ஜ் ஏறியிருக்குமா என்று ஒரு சந்தேகம். அதன் முகப்பில் ஒரு முள் உண்டு. சுவிட்சைப் போட்டால் முள் எழும்பி, சார்ஜ் இருந்தால் பச்சையில் நிற்கும்.

ஆன்டனாவை நான் இழுக்கவில்லை. மடக்கித்தான் வைத்திருந்தேன். ஆன்டனாவை இழுக்காவிட்டால் அலை பத்தடிக்கு மேல் போகாது என்பது எங்கள் குழுவில் எல்லோருக்கும் இருந்த நம்பிக்கை. வீட்டில் அப்படித்தான் சோதித்துப் பார்ப்போம். முப்பது வருடம் இயற்பியல் கற்பித்த நானும் அதை அப்படியே நம்பினேன்.

சுவிட்சைப் போட்டேன். முள் பச்சைக்கு ஏறியது. நல்லது என்று நினைத்தேன். தலைக்கு மேலே எஞ்சின் சத்தம் மாறியது.

நிமிர்ந்து பார்த்தேன். இறங்குவதற்காக ஒட்டகம் எங்கள் வண்டிகளுக்கு மேலாகத் தாழ்ந்து வந்துகொண்டிருந்தது. என்னிடமிருந்து ஐம்பது அறுபது அடி. விமானத்திலிருந்து தனசேகரன் நின்ற இடம் அதைவிட ஐந்து மடங்கு தூரம். வலது இறக்கை துடித்தது. அது கவிழ்ந்து முதுகைக் காட்டியது. நான் சுவிட்சை அணைத்தேன். அது மனைக்கல் ஒன்றின் மேல் மூக்குக் குத்தி விழுந்தது.

தீப்பெட்டியைக் காலால் மிதித்த மாதிரி ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான்.

எல்லோரும் ஓடினார்கள். தனசேகரன் ஓடவில்லை. டிரான்ஸ்மிட்டரைப் பார்க்கவில்லை, விமானத்தைப் பார்க்கவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டேனியல் திரும்பி வந்து முதலில் கேட்டது, “யாராவது செட்டை ஆன் பண்ணீங்களா?”

எல்லோரும் இல்லை என்றார்கள். ஒரே எண் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் என்னைத் தனியாகக் கேட்டார். “புரொஃபசர், உங்களுது ஆஃப்தானே?”

“ஆஃப்தான்” என்றேன். கருவியைத் தூக்கியும் காட்டினேன்.

“அவர இன்னாத்துக்கு கேக்கறீங்க சார்?” என்றார் தனசேகரன். “என் கையி. வேற ஒண்ணுமில்ல. என் கையிதான்.”

மொட்டை மாடியில்

ஒருவேளை நான் காரணமாக இல்லாமலும் இருக்கலாம் என்று அன்று முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உடைந்ததில் எது தேறும் என்று பார்க்கிறேன் என்று சொல்லி, சிதிலங்களை என் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். திங்கட்கிழமை அதிலிருந்த, அலையை வாங்கும் ரிசீவரையும் அதோடு இணைந்த மோட்டாரையும் எடுத்து மாடிச் சுவர் மேல் வைத்தேன். பேட்டரியை இணைத்தேன். என் டிரான்ஸ்மிட்டருடன் அறுபது அடி தள்ளித் தெருவில் போய் நின்று, மடக்கிய ஆன்டனாவுடனே சுவிட்சைப் போட்டேன்.

வால் சுக்கானை அசைக்கும் சின்ன மோட்டார் சுவர் மேல் கிர் கிர் என்று துடித்தது. அந்தச் சத்தம் தெருவில் எனக்குக் கேட்டது.

அந்த நிமிடமே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பீர்க்கன்கரணைக்குப் போயிருக்க வேண்டும். அதற்குப் பதில், பழைய மின்சாதனங்கள் வாங்கும் ஒருவரைத் தேடிப்போய் அந்த வாரமே டிரான்ஸ்மிட்டரைத் தள்ளிவிட்டேன். எனக்கும் கண் சரியில்லை, இனிமேல் பறக்கவிடப் போவதில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். மச்சானுக்காக மாப்பிள்ளையும் விட்டுவிட்டார் என்று டேனியல் நெகிழ்ந்துபோனார்.

ஏன் சொல்லவில்லை? ராஜி அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் கஷ்டப்படுவாள் என்பது ஒரு காரணம். அதை நான் அடிக்கடி எடுத்து வைத்துக்கொள்வேன். உண்மையான காரணம் வேறு. ஆன்டனா விஷயத்தில் தப்பாக நினைத்த இயற்பியல் பேராசிரியர் என்று அந்த ஏழெட்டுப் பேர் முன்னால் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவு சின்னக் காரணம்.

தனசேகரன் சொன்னபடியே ஒத்துக்கொண்டார். ஸ்கூட்டரை விற்றார். முகச் சவரத்துக்குக் கடைக்குப் போக ஆரம்பித்தார். வீட்டில் ஃபியூஸ் போனால் ஆள் கூப்பிட்டார். ஷெட்டில் வசந்தா துணி காயப்போட்டாள். அடுத்த வருடம் பேத்தி பிறந்தாள். கவிதா குழந்தையை நீட்டியதும் அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டதும் அப்போதுதான்.

அந்தக் கூடத்தில் நான் பேசவில்லை. அதற்குப் பிறகும் மூன்று வருடம் பேசவில்லை.

அதற்குள் ராஜி போய்விட்டாள். அவளிடமும் நான் சொல்லவில்லை.

ஏரிக்கரையில்

பேத்திக்கு மூன்று வயது இருக்கும்போது நாற்காலியில் ஏறி நின்று விளையாடியிருக்கிறாள். நாற்காலி சாய்ந்திருக்கிறது. தனசேகரன் கையெட்டும் தூரத்தில் நின்றிருந்தார். கையை நீட்டவில்லை. “வசந்தா! வசந்தா!” என்று கத்தியிருக்கிறார். சமையலறையிலிருந்து அவள் வருவதற்குள் குழந்தை விழுந்துவிட்டது. மோவாயில் இரண்டு தையல்.

செய்தி கேட்ட மறுநாள் காலை நான் போனேன். அவர் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தார். கூடவே நடந்தேன். சொல்லிவிட்டேன். வேன் நிழல், மடக்கிய ஆன்டனா, பச்சையில் நின்ற முள், மாடியில் பார்த்தது, கருவியை விற்றது, ஒன்று விடாமல்.

அவர் நின்று கேட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அவர் சிரித்தார்.

“டேனியலு காத்துன்னாரு. ராஜி கண்ணு பட்டுச்சுன்னா. வசந்தா பேட்டரின்னா. ஒட்டகமே அப்பிடித்தான் கவுரும்னு ஒர்த்தர் சொன்னாரு. எல்லாரும் வந்து எனுக்கு ஆறுதல் சொல்லிட்டு பூட்டாங்க. நீ ஒர்த்தன்தான் ஒண்ணும் சொல்லாம இருந்த. இப்ப நாலு வருசம் ரோசன பண்ணி, பெருசா ஒண்ணு கொண்ணாந்துகீற.”

“மச்சான், நிஜமா. நான்தான் ஆன் பண்ணேன்.”

“மடிச்சு வெச்ச ஆன்டனாலயா? நீ பிசிக்ஸ் வாத்தியாரு மாப்ள. பொய் சொன்னாலும் கொஞ்சம் பொருத்தமா சொல்லு.”

“போகும். அலை போகும். நான் சோதிச்சுப் பாத்தேன்.”

“அப்ப அந்த செட்ட எட்துகினு வா. எனக்கு காட்டு.”

“வித்துட்டேன்னு சொன்னேனே.”

“வித்துட்ட” என்று தலையாட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. “நேத்து பாப்பா விழுந்ததுல நான் நொந்து பூட்டேன்னு யாரு சொன்னா உனக்கு? வசந்தாவா? அதுக்காக ஓடி வந்து உன் தலையில போட்டுக்கற. ராஜிய உனக்கு குட்தது தப்பேயில்ல மாப்ள. ஆனா இந்த மாதிரி இனிமே பேசாத. எனக்கு கஷ்டமா கீது.”

நான் டேனியலிடம் போனேன். அவரிடம் சொன்னபோது அவர் உடனே நம்பினார். “அன்னைக்கே கேட்டேனே, புரொஃபசர்” என்றார். அந்த மாதிரிப் பழைய கருவி யாரிடமாவது இருக்குமா என்று இருவரும் தேடினோம். அதற்குள் எல்லோரும் புதுவகைக்கு மாறிவிட்டார்கள். அவற்றில் ஒன்றின் அலை மற்றொன்றோடு மோதுவதே கிடையாது. கிளிப்புகள் டேனியல் வீட்டுக் கொடியில் துணி தாங்கிக்கொண்டிருந்தன. நாவலூர் வெளியிலும் அடுக்குமாடி வந்துவிட்டது.

டேனியலே நேரில் வந்து தனசேகரனிடம் எடுத்துச் சொன்னார். “ரெண்டு பேரும் பேசி வெச்சுகினு வந்தீங்களா சார்?” என்று கேட்டு, வசந்தாவிடம் காபி போடச் சொன்னார் அவர்.

அதன்பிறகு நான் செய்ததை அவரே எல்லோரிடமும் சொல்ல ஆரம்பித்தார். என் குற்றத்தை அல்ல, என் அன்பை. உறவுக்காரர் வீட்டு விசேஷங்களில் என்னைக் காட்டி, “எனக்காக பழிய தூக்கி தன் தலையில போட்டுகினவரு இவரு” என்பார். நான் மறுக்க மறுக்க, பார்த்தீர்களா என்பது போலச் சிரிப்பார். எல்லோருக்கும் என்மேல் மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை.

ஓரிரு வருடம் கழித்து இதய நோயில் போனார். கடைசி மாதம் ஆஸ்பத்திரியில் நான் பக்கத்தில் இருந்தேன். நாடி பார்க்கக் கையை எடுத்த நர்ஸ், “தாத்தாவுக்கு இந்த வயசிலும் கை கொஞ்சம்கூட ஆடல” என்றாள். அவர் அதையும் ஆறுதல் என்றே எடுத்துக்கொண்டார்.

வசந்தாவுக்கும் கவிதாவுக்கும்

அவர் போன அன்று வீட்டு வாசலில் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். கவிதா வந்தவர்களிடம் என்னைக் காட்டி, அவள் அப்பா சொன்ன அதே கதையைச் சொன்னாள். “இல்லம்மா, அது நிஜம்” என்றேன். அவள் என் தோளில் சாய்ந்து இன்னும் அதிகமாக அழுதாள். “எனக்குத் தெரியும் மாமா. நீங்க இப்படித்தான் சொல்வீங்கன்னு அப்பா சொல்லியிருக்கார்.”

எனக்கு எண்பது தாண்டிவிட்டது. வசந்தா, கவிதா, நீங்கள் இருவரும் இந்த இதழை வாங்குகிறீர்கள் என்று தெரியும். போன வாரம்கூடக் கவிதா தொலைபேசியில் பாராட்டினாள். இதையும் என் பெருந்தன்மை என்று படித்துவிடாதீர்கள். எனக்கு அந்தக் குணம் கிடையாது. இருந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

நடந்தது இதுதான். வேனின் இடப்பக்கம், பின்சக்கரத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். கிளிப் என்னிடம் இல்லை. அவரிடம் இருந்தது. கருவியைப் போட்டு முள்ளைப் பார்த்தேன். மூன்று வினாடி இருக்கும். டேனியல் கேட்டபோது அணைந்த கருவியைத் தூக்கிக் காட்டினேன். பிறகு அதை விற்றேன்.

பேத்திக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். கேட்கும் வயது வந்துவிட்டது. தன்னைத் தாத்தா ஏன் ஒரு நாளும் தூக்கவில்லை என்று அவள் கேட்டால், என் பெயரைச் சொல்லுங்கள். அவர் கையில் ஒரு பிழையும் இல்லை.